புதைத்து வைத்த படம்

என் அம்மப்பா 2009 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் கிளிவெட்டி முகாமில் காலமானார். அப்போது அவருக்கு 88 வயது. செத்தவீட்டில் அவரது தலைமாட்டில் வைப்பதற்கு எங்களிடம் ஒரு படம்கூட இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை என் அண்ணா மூதூருக்குக் கொண்டு போய்ப் பெரிதாக்கி எடுத்து வந்தார். பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கலங்கிப் போயிருந்தன. அம்மம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆரோ ஒரு கிழவன். இவர் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மப்பாவுக்கு ஒரு நல்ல படம் இருந்தது. 1942 இல் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தது. காக்கிச் சீருடை, இடுப்பில் அகலமான பட்டி, கையில் தொப்பி, பின்னால் திரையில் வரைந்த ஒரு பூந்தோட்டம். இவ்வளவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோதே அந்தப் படம் மண்ணுக்குள் போய்விட்டது.

வேலையின் நிமித்தம் நான் செல்லும் கிராமங்களில் படம் இல்லாத வீடுகள் பல இருக்கின்றன. சுவரில் ஆணி இருக்கும், படம் இருக்காது. கேட்டால், "எரிச்சிட்டம் மிஸ்" என்பார்கள். அந்த வீடுகளுக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கு அம்மப்பாவின் ஞாபகம் வரும். ஆகவேதான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அம்மப்பா 1921 இல் சம்பூரில் பிறந்தார். கொட்டியாபுரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கடற்கரையில் நின்று பார்த்தால் குடாவுக்கு அப்பால் திருகோணமலை தெரியும். அவருடைய தகப்பன் நேரத்தோடு இறந்துவிட்டார். அவருக்குக் கீழே இரண்டு தங்கைமார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு வளவு இல்லாமல் கலியாணம் பேச முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பதினேழு வயதில் மூதூரில் லோஞ்சு ஏறித் திருகோணமலைக்குப் போனார். ஒரு முதலாளியின் லொறியில் கிளீனராக நின்று வாகனம் ஓட்டப் பழகினார். 1941 இல், பட்டாளத்துக்குச் சாரதிமார் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இலங்கைப் பாதுகாப்புப் படையின் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம்.

"இங்கிலாந்து ராசாவுக்காகவா போனீங்கள் அம்மப்பா?" என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன்.

"ராசாவை எனக்குத் தெரியுமா பிள்ளை? தங்கச்சிமாருக்கு ரெண்டு வீடு கட்ட வேணும். சம்பளம் ஒழுங்கா வரும் எண்டாங்கள்" என்றார்.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நான்கு நாட்கள் கழித்து, 9 ஆம் திகதி காலையில், திருகோணமலைக்கு வந்தன. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. அன்றைக்கே மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. சம்பூர்ச் சனங்கள் கடற்கரையில் நின்று அக்கரையில் எழுந்த கரும்புகையைப் பார்த்தார்களாம்.

அம்மப்பா அந்நேரம் சீனக்குடா வீதியில் லொறியோடு நின்றார். பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு இந்தக் கதையை அவர் பகிடியாகத்தான் சொல்வார். லொறிக்குக் கீழே படுத்தபோது பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரன் பயத்தில் இவரது காதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது ஒரு கதை. ரின்னில் அடைத்த மாட்டிறைச்சியை இன்னதென்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குள் போகப் பயந்து ஆறு மாதம் வெளிவீதியில் நின்று கும்பிட்டது இன்னொரு கதை. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

குண்டுவீச்சு முடிந்த பின்னர் அந்த லொறியில் அவர் எதை ஏற்றினார் என்பதை எங்களுக்குச் சொன்னதே இல்லை. அதை அம்மம்மாதான் எனக்குச் சொன்னார். அம்மப்பா இறந்த பின், பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் முகாமுக்கு வரும் நாட்களில், இரவில் தறப்பாள் கொட்டிலுக்குள் படுத்திருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சமூகவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடமாக அது இருந்தது.

அன்று அம்மப்பா காயக்காரரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அவர்களில் துறைமுகத்தில் கூலி வேலை செய்த ஒரு தமிழ்ப் பொடியன். வழி முழுவதும் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு வந்தானாம். இவர் எவ்வளவு கெதியாக ஓடலாமோ அவ்வளவு கெதியாக, பள்ளம் திட்டி பாராமல் ஓடினார். இடையில் ஓரிடத்தில் சத்தம் நின்றுவிட்டது. தான் குலுக்கி ஓடியதால்தான் அந்தப் பொடியன் செத்தான் என்ற எண்ணம் அம்மப்பாவை விட்டுப் போகவில்லை.

1946 இல் பட்டாளத்தில் இருந்து விலகி வந்தார். 1947 இல் அம்மம்மாவை மணம் முடித்தார். அம்மம்மாவுக்கு அப்போது 18 வயது.

"ஆள் வந்திட்டுது பிள்ளை. மனம் வரக் கனகாலம் எடுத்தது" என்றார் அம்மம்மா.

நித்திரையில் கால் பிறேக்கை மிதிப்பது போல உதைக்கும். "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று கத்துவார். விமானச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். கள்ளில் தொடங்கிய குடி சாராயத்துக்குப் போயிற்று. பெரியம்மாவுக்கு ஒரு வயதாக இருந்தபோது, ஓர் இரவு அம்மம்மாவுக்குக் கை நீட்டிவிட்டார்.

அடுத்த நாள் விடிய அம்மம்மா அவருடைய றங்குப் பெட்டியைத் தூக்கிப் படலைக்கு வெளியே வைத்தார். "இது என்ர அம்மா எனக்குத் தந்த வீடு. குடிச்சுப்போட்டு அடிக்கிற ஆளுக்கு இதுக்குள்ள பாய் இல்லை" என்றார். அம்மப்பா தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். பின்னர் அம்மன் கோயில் வாசலில் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகே அம்மம்மா படலையைத் திறந்தார். சத்தியம் இரண்டு: குடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே அம்மம்மாவின் கையில் கொடுப்பது. இரண்டையும் அவர் சாகும்வரை காப்பாற்றினார்.

இதை வாசிக்கும் எல்லோராலும் அம்மம்மாவைப் போலச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். அம்மம்மாவுக்குத் தன் பெயரில் வீடு இருந்தது. பின்னுக்கு நிற்கத் தாய் இருந்தார். சத்தியம் பண்ணிவிட்டு மறுநாளே குடிக்கிற ஆண்களையும் நாங்கள் காண்கிறோம். என்றாலும் அம்மம்மா செய்த மற்ற வேலையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். குடி நின்றாலும் கனவு நிற்கவில்லை. அவரைத் தொட்டு உலுப்பி எழுப்பக் கூடாது என்பதை அம்மம்மா தானாகவே கண்டுபிடித்தார். கொஞ்சம் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எழும்பியதும் தண்ணீர் கொடுப்பார். "வாங்கோ, மாட்டைப் பாத்திட்டு வருவம்" என்று வளவுக்குள் கூட்டிக்கொண்டு நடப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். அந்தப் பொடியனின் கதையை அம்மப்பா தானாகச் சொல்வதற்கு நாலு வருடம் சென்றதாம். பிற்காலத்தில் நான் உளவளத்துணைப் பயிற்சிக்குப் போனபோது, பயிற்றுநர் சொல்லித் தந்தவற்றில் பாதியை எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மம்மா 1950 களிலேயே செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இருந்த அம்மப்பாவைத்தான் ஊர் அறியும். கடற்படைத் தளத்தில் சாரதியாக வேலை செய்தார். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதும் அந்த வேலை போயிற்று. 1958 சனவரியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியபோது பஸ் சாரதியாகச் சேர்ந்து 1976 வரை ஓடினார். கிழமை நாட்களில் பட்டினத்தில் தங்குவார். சனிக்கிழமை லோஞ்சில் வருவார். மூன்று பெண்பிள்ளைகள், இரண்டு ஆண்பிள்ளைகள். ஞாயிறு காலையில் அடுப்படி அவருடையது. பட்டாளத்தில் பழகிய கைக்கு ரொட்டி சுடுவது பெரிய வேலையில்லை. பத்துப் பேருக்குச் சுட்டு அடுக்கிவிட்டு, பெண்பிள்ளைகளை வரிசையாக இருத்தி எண்ணெய் வைத்துத் தலை இழுத்துவிடுவார். "ஆம்பிளை செய்யிற வேலையா இது?" என்று அயலில் கேட்டால், "வண்டி கழுவிறவனுக்குத் தலை இழுக்கத் தெரியாதோ?" என்பார்.

என் அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கியவரும் அவர்தான். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடாத காலம் அது. பின்னுக்குப் பிடித்துக்கொண்டு ஓடுவாராம். எப்போது கையை விட்டார் என்று அம்மாவுக்குத் தெரியாது. சேமலாப நிதியாகக் கிடைத்த காசில் கடைசி மகளுக்கும் வீட்டைக் கட்டி முடித்தார். பட்டாளத்துப் பழக்கம் ஒன்று மட்டும் அவரிடம் கடைசிவரை இருந்தது. காலையில் எழும்பியதும் போர்வையை மூலைக்கு மூலை பிடித்துச் சதுரமாக மடித்துத் தலையணைக்கு மேல் வைப்பார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இன்றைக்கும் அப்படித்தான் மடிக்கிறோம்.

ஊரில் அவரைப் "பட்டாளத்தார்" என்று கூப்பிட்டார்கள். ஆனால் பட்டாளத்தால் அவருக்கு ஓய்வூதியம் ஏதும் வரவில்லை. நிக்கல் போன்ற வெள்ளை உலோகத்தில் ஒரு பதக்கம் வந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலைப் பாம்பு போன்ற ஒரு மிருகத்தின் மேல் நிற்கும் சிங்கம், அதோடு 1939, 1945 என்ற இரண்டு இலக்கங்கள். எங்கே தேடினாலும் அதில் அம்மப்பாவின் பெயர் கிடையாது என்று அம்மா சொல்வார்.

முன்னாள் படைவீரரை மறப்பது அந்தப் போரோடு தொடங்கியதல்ல. முதலாம் உலகப் போருக்குப் பின் ஒவ்வொரு நவம்பர் 11 ஆம் திகதியும் இலங்கையில் பொப்பிப் பூ விற்றார்கள். அந்தக் காசில் பெரும் பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. அதற்கு எதிர்ப்பாக, 1931 இல் இலங்கையின் முன்னாள் படைவீரருக்காகச் 'சூரியமல்' விற்கத் தொடங்கினார்கள். 1933 இல் அந்த இயக்கத்துக்குத் தலைவியாகத் தெரிவானவர் டொறீன் யங் என்ற ஆசிரியை. சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் வேலியில் நிற்கும் பூவரசம் பூதான். இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு அம்மப்பா பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து தந்தது ஞாபகம் வந்தது.

இனி 1990 ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். யூன் மாதம் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. அடுத்த மாதம் என் சின்ன மாமாவைக் கொண்டு போனார்கள். அவருக்கு 25 வயது. பட்டினத்துக்கு மருந்து வாங்கப் போனவர். வழியில் இறக்கி எடுத்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அம்மப்பாவுக்கு அப்போது 69 வயது. வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்து, பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். கையில் பட்டாளத்தில் இருந்து விலகிய கடதாசி. மூன்று நாள் வாசலில் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஓர் இளம் அதிகாரி பதக்கத்தைக் கூர்ந்து பார்த்தான். எழும்பி நேராக நின்றான்.

வீட்டுக்கு வந்து அம்மப்பா சொன்னது ஒரே ஒரு வசனம்: "சலூட் அடிச்சான் இஞ்சேர், மகனைத் தரேல்ல."

அன்றிரவே படலைக்குள் வந்து பதக்கத்தைக் கழற்றி அம்மம்மாவின் கையில் கொடுத்தார். பிறகு அதை அவர் தொடவில்லை.

அந்தக் கிழமை அம்மம்மா ஒரு பால்மா ரின்னை எடுத்தார். பதக்கம், பட்டாளக் கடதாசி, சீருடைப் படம் ஆகிய மூன்றையும் அதற்குள் வைத்தார். சீருடைப் படம் சுவரில் இருந்தால் எந்தப் பக்கத்தார் வந்தாலும் ஆபத்து. ஒரு பகுதியினருக்கு அது ஏன் காக்கி என்று சொல்ல வேண்டும். மற்றப் பகுதியினருக்கும் அதையேதான் சொல்ல வேண்டும். 1942 என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? நான்காவதாகச் சின்ன மாமாவின் படத்தையும் அதற்குள் வைத்தார். அது மாமா மூன்று கூட்டாளிகளோடு நின்று எடுத்த படம். அவர்களில் இருவர் அப்போது வீட்டில் இல்லை. மாமாவுக்கு இருந்த ஒரே படம் அதுதான். கிணற்றுக் கட்டில் இருந்து மாமரத்தை நோக்கிப் பதினொரு அடி நடந்து, அந்த இடத்தில் ரின்னைப் புதைத்தார்.

அதோடு ஊரும் "பட்டாளத்தார்" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டது. அம்மப்பா "றைவர் ஐயா" ஆனார்.

என் அம்மாவுக்கு இதில் பெரிய கோபம். "தம்பியின்ர படத்தை ஏன் தாட்டனீங்கள்?" என்று பல வருடங்களாகக் கேட்டிருக்கிறார். அம்மம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "படத்தைக் காப்பாத்தியிருந்தா மற்றவனையும் குடுத்திருப்பன்." பெரிய மாமாவைத்தான் சொன்னார். அவர் இன்று உயிரோடு இருக்கிறார். இதில் யார் சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மம்மா ரின்னைப் புதைத்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க அவருக்கு ஓர் இரவுதான் இருந்தது.

அம்மப்பா மகனைத் தேடுவதை நிறுத்தவில்லை. கடிதம் எழுதினார். விசாரணைக்கு வரச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனார். ஒவ்வொரு இடத்திலும், "படம் இருக்கா ஐயா?" என்று கேட்டார்கள். "தோண்டி எடுத்துத் தாறன் எண்டு சொல்லட்டோ?" என்று திரும்பி வந்து அம்மம்மாவிடம் கேட்பாராம். எடுப்போம் எடுப்போம் என்று இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நிலைமை கொஞ்சம் சீராகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2006 ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடந்தது. அன்று பின்னேரமே சம்பூர்ப் பக்கத்தில் கிபிர் வந்தது, செல் விழுந்தது. எனக்கு 18 வயது. அம்மப்பா 85 வயதில் மாமரத்துக்குக் கீழே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்ததை நான் கண்ணால் கண்டேன். அவர் திருகோணமலையில் குண்டுக்குக் கீழே படுத்ததும் ஓர் ஏப்ரல் மாதம்தான். இடையில் 64 வருடங்கள் போயிருந்தன. அம்மம்மா தள்ளி நின்று அவரது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வாங்கோ, நடப்பம்" என்றார். மாடு பார்க்கப் போவது போல அவர் எழும்பி வந்தார்.

பெட்டியில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. ரின்னைத் தோண்ட நேரமில்லை. உழவு இயந்திரத்தில் ஏறினோம். ஈச்சிலம்பற்று, வாகரை என்று ஓடி மட்டக்களப்பு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். செப்ரெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. 2007 மே மாதம் அதி உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். திருப்பிக் கூட்டி வந்தவர்கள் எங்களைக் கிளிவெட்டியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஊர் கிட்டத்தான், ஆனால் போக முடியாது.

முகாமில் அம்மப்பா காலையில் எழும்பி நிவாரணப் போர்வையைச் சதுரமாக மடிப்பார். தண்ணீர் வரிசையில் பிள்ளைத்தாச்சிமாரை முன்னுக்கு விடச் சொல்லிச் சண்டை பிடிப்பார். கடைசி நாட்களில் அவருக்கு நினைவு மாறிப்போனது. என்னைப் பார்த்து, "பிள்ளை, நான் மெதுவாத்தானே ஓடுறன்?" என்று கேட்டார். "ஓம் அம்மப்பா, மெதுவாத்தான் ஓடுறீங்கள்" என்றேன். அப்போது எனக்கு அந்தப் பொடியனின் கதை தெரியாது. எதற்காகக் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

அம்மம்மா 2013 இல் அதே முகாமில் இறந்தார். மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொல்லியும் கடைசிவரை அவர் எடுக்கவில்லை. இறந்தவர் என்று எழுதாமல், காணாமற் போனவர் என்றே ஒரு சான்றிதழ் கொடுக்கும் சட்டம் 2016 இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

2015 இலும் 2016 இலும் கட்டம் கட்டமாகச் சம்பூர்க் காணிகளை விட்டார்கள். நானும் அம்மாவும் பெரிய மாமாவும் 2016 இல் எங்கள் வளவுக்குப் போனோம். வீடு இல்லை. மாமரம் இல்லை. கிணறு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நிலத்தை மட்டமாகத் தள்ளியிருந்தார்கள். வேலியில் நட்ட பூவரசு மட்டும் ஒரு கரையில் தழைத்து மரமாகி நின்றது. அதை வைத்துத்தான் அம்மா எல்லையைப் பிடித்தார். பூவரசில் இருந்து குத்துமதிப்பாகக் கிணறு, கிணற்றில் இருந்து பதினொரு அடி. அம்மம்மாவின் அடியா, எங்கள் அடியா என்றும் தெரியாது. மாமா அலவாங்கால் மூன்று இடத்தில் கிண்டினார். ஓட்டுத் துண்டுகளும் ஒரு பீங்கான் கோப்பையின் உடைவும் வந்தன. ரின் வரவில்லை. பொழுது பட்டதும், "காணும் அண்ணா" என்று அம்மா சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வருடம் நிலாவெளிக்கு ஒரு வேலையாகப் போனபோது அம்மாவையும் கூட்டிச் சென்றிருந்தேன். அந்த வீதியில்தான் இரண்டாம் உலகப் போரில் இறந்த படைவீரரின் மயானம் இருக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு அதைப் பராமரிக்கிறது. பச்சைப் புல், வரிசை வரிசையாகக் கற்கள். கல்லில் பெயர், இறந்த திகதி, வயது. சிலவற்றின் கீழே குடும்பத்தார் எழுதக் கொடுத்த ஒரு வரியும் இருக்கும். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். 19, 21, 22 என்று வயதுகளை மட்டும் வாய்விட்டு வாசித்தார். வெளியே வந்து சப்பாத்தைப் போடும்போது, "இவையளின்ர தாய்மார் குடுத்து வச்சதுகள்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைக் கொடுத்து வைத்தவள் என்று என் அம்மா சொன்னது பல நாட்கள் என் மனதை அரித்தது. பெயரும் கல்லும் இருந்தாலே பாக்கியம் என்று நினைக்கும் நிலைக்கு நாங்கள் வந்துவிட்டோமா?

2018 இல் காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது அம்மா தம்பிக்காகப் பதியப் போனார். அங்கேயும் படம் கேட்டார்கள். இல்லை என்றார். அன்றிரவு நான் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, "மாமா எப்படி இருப்பார், சொல்லுங்கோ" என்று கேட்டேன். முதலில் அம்மாவுக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னார். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பூவரச மரத்தால் விழுந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடுவான், முன்பல் ஒன்று உடைந்தது என்று வெட்கம். நண்டுக் கறி என்றால் இரண்டு கோப்பை சோறு. மாட்டுக்குக் குறி சுடும் நாளில் வீட்டில் நிற்க மாட்டான். பதினாறு பக்கம் எழுதினேன். அடுத்த நாள் அம்மப்பாவுக்கு ஒரு கொப்பி தொடங்கினோம். ரொட்டி சுட்டது, தலை இழுத்தது, சைக்கிளின் பின்னால் ஓடியது, சீனக்குடா வீதி, அம்மம்மாவுக்குக் கை நீட்டியது, முகாம் வாசலில் நின்றது. ஒன்றையும் விடவில்லை. நல்லதை மட்டும் எழுதினால் அவர் வேறு யாரோ ஒரு கிழவனாகிவிடுவார்.

இப்போது நான் வேலை செய்யும் பெண்கள் குழுக்களிலும் இதைச் செய்கிறோம். எழுதத் தெரிந்தவர் எழுதுவார், மற்றவர் சொல்லுவார். யார், எந்தப் பக்கம், எப்படி இறந்தார் என்று நாங்கள் கேட்பதில்லை. என்ன சாப்பாடு விருப்பம், எப்படி நடப்பார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்போம். எழுதியதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கச் சொல்கிறோம். ஒரு ரின்னுக்குள் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கற்ற பாடம்.

ஒரு குழுவில் ஓர் அம்மா மூன்று கூட்டத்துக்கு வந்தும் வாய் திறக்கவில்லை. மகனுடைய படங்கள் எல்லாவற்றையும் 2009 இல் தன் கையால் எரித்தவர். நான்காவது கூட்டத்தில், எல்லோரும் எழும்பிப் போகும் நேரத்தில், என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மிஸ், ஒண்டு எழுதுங்கோ. எவ்வளவு அவசரமா வந்தாலும் செருப்பை ரெண்டையும் சேத்து வச்சிட்டுத்தான் உள்ள வருவான்."

எழுதினேன். "வாசியுங்கோ" என்றார். வாசித்துக் காட்டினேன். "ஓம், இது அவன்தான்" என்றார்.